இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒருவர்

பிரிண்டரிலிருந்து சூடாக வந்து விழுந்த தாளைக் கையில் எடுத்ததுமே, அது தன்னுடையது அல்ல என்பது தூணுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்தார்.

‘என் இருபத்தெட்டு வருட அனுபவத்தில் இவரைப் போன்ற ஓர் ஆய்வாளரை நான் பார்த்ததில்லை. அறிவும் அடக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்து அமைவது அபூர்வம், இவரிடம் அமைந்திருக்கிறது. உப்புநீர்த் தொட்டி விரிசல் விட்ட அன்று இவர் ஒருவர் மட்டும் இல்லையென்றால், எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஒன்றரை வருட உழைப்பு சாக்கடையில் போயிருக்கும்.’

“இவர் ஒருத்தர் மட்டுமாமே!” என்று தூண் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

தொட்டி விரிசல் விட்ட அன்று முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் தூண். இன்னொருவர் ஜன்னல். தாளின் மூலையில், அது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று பிரிண்டர் பொடி எழுத்தில் போட்டிருந்தது. மேசை எண் நான்கு. ஜன்னலுடைய மேசை.

தூண் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கிடைத்த மேசை ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் இருந்தது. அங்கே காற்று வராது, வெளிச்சம் வராது, பேராசிரியரின் பார்வையும் வராது. ஏழு வருடம் அப்படியே போய்விட்டது. அவருக்கு மூன்று வருடம் கழித்து வந்து சேர்ந்தவருக்கோ வந்த அன்றே ஜன்னலோர மேசை கிடைத்தது. வெளியே மரம், மரத்தில் பறவை, காலை வெயில். அதெல்லாம் அவருக்குத் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால் மட்டும் தெரியும். அவர் அடிக்கடி எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

அவர்கள் ஆராய்ச்சி செய்தது துருவைப் பற்றி. உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க மேலே என்ன பூசலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக நூற்றுக்கணக்கான தகடுகளைத் தொட்டியில் போட்டு, எது எப்போது துருப்பிடிக்கிறது என்று தினமும் எண்ண வேண்டும். இரண்டு பேருமே முனைவர் பட்டம் வாங்கியாயிற்று. இரண்டு பேருக்குமே இந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு மேல் அதே பல்கலைக்கழகத்தில் மூன்று வருட போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை ஒன்று காலியாக இருந்தது. ஒன்று என்றால் ஒன்றேதான்.

கிடைக்காவிட்டால் தூணுக்கு மச்சினனின் குழாய்க்கடை. மச்சினன் நல்லவன்தான். அவனும் ஆறு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கூப்பிடும்போதெல்லாம் தூண் பேச்சை மாற்றுவார்.

இந்தப் போட்டியில் ஆளைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம்தான். பேராசிரியர் தங்கமான மனிதர். எழுதுவதற்கு மட்டும் உடம்பு வணங்காது. யார் போய்ப் பரிந்துரை கேட்டாலும், “நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்” என்பார். கொண்டுபோய் நீட்டினால் படித்துப் பார்க்காமல் போட்டும் விடுவார். அந்த ஆய்வுக்கூடத்தின் நெடுநாள் வழக்கம் அது. இந்த முறை தேர்வுக் குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. அதை ஆபீஸ் அக்காதான் தூணிடம் வந்து சொன்னார்.

“கடிதத்துக்குள்ள பேரு வரக்கூடாதாம் சார். ஆளைப் பாத்து எடுக்காம தகுதியப் பாத்து எடுக்கப் போறாங்களாம். முழுக்க ‘இவர்’, ‘இவர்’னே எழுதிடுங்க. உறை மேல யாருக்குன்னு நான் குறிச்சுக்கறேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள பொது ஃபோல்டர்ல போட்டுடுங்க. ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது, சார் கண்டிப்பா சொல்லியிருக்கார்.”

“திங்கக்கிழமை மீட்டிங்ல வேற எதுவும் சொன்னாரா?”

“கேக்கு நல்லா இருந்துச்சு சார். மத்ததெல்லாம் கூட்டக் குறிப்புல இருக்கு. இன்னிக்குக் காலையிலயே உங்க மேசையில வெச்சிட்டேனே.”

திங்கட்கிழமைக் கூட்டத்துக்குத் தூண் போகவில்லை. ஜன்னலின் கட்டுரை ஒரு பெரிய ஆய்விதழில் வந்திருந்தது. கேக் வெட்டுவார்கள், கைதட்ட வேண்டியிருக்கும். தலைவலி என்று சொல்லிவிட்டுத் தொட்டி அறையில் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே எண்ணிய தகடுகளை மறுபடியும் எண்ணினார். கைதட்டல் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தார், நிற்கவே இல்லை. மறுநாள் வந்த கூட்டக் குறிப்பின் முதல் வரியே ‘நம் ஆய்வுக்கூடத்துக்குப் பெருமை தேடித் தந்த’ என்று ஆரம்பித்தது. தூண் அதற்கு மேல் படிக்கவில்லை. எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் மேசையின் காலுக்கு அடியில் செருகினார். மேசை ஆடாமல் நின்றது. ஜன்னலின் பெருமையால் அவருக்குக் கிடைத்த ஒரே பலன் அதுதான்.

இப்போது இந்தக் கடிதம் வேறு. அறிவும் அடக்கமுமாம்! தன்னைப் பற்றித் தானே இப்படி எழுதிக்கொள்ள எவ்வளவு அடக்கம் வேண்டும்! தூணுக்குக் காதில் புகை வந்தது. தாளைப் பிரிண்டரிலேயே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தான் எழுதி வைத்திருந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

“‘இவர் நேரத்துக்கு வருபவர். கருவிகளைப் பத்திரமாகக் கையாள்பவர். கையெழுத்து தெளிவாக இருக்கும்.’”

“ஏங்க, இது ஆராய்ச்சி பண்றவருக்கா, வாட்ச்மேனுக்கா?”

“நம்மளப் பத்தி நாமளே எப்படி அள்ளி விடறது? கூச்சமா இருக்கு.”

“அந்த ஜன்னல் மட்டும் எழுதறாராமே?”

“அவனுக்கு வெக்கம் மானம் எதுவும் கிடையாது.”

“அப்போ நீங்களும் கொஞ்ச நேரம் அதைக் கழட்டி வெச்சிட்டு எழுதுங்க. இல்லன்னா ஒண்ணாந்தேதி என் தம்பி கடையில குழாய் எடுத்துக் காட்டுங்க.”

தூண் உட்கார்ந்தார். ஒரு வரி எழுதுவதற்குள் காது சிவந்தது. இரண்டாவது வரியில் கொஞ்சம் பழகியது. அரைப் பக்கம் தாண்டியதும் கை தானாக ஓட ஆரம்பித்தது. ‘என் முப்பது வருட அனுபவத்தில்’ என்று தொடங்கினார். பேராசிரியர் வேலைக்கு வந்து இருபத்தெட்டு வருடம்தான் ஆகிறது. ஜன்னலை மிஞ்சுவதற்காகத் தன் பொறுப்பில் இரண்டு வருடம் சேர்த்துக் கொடுத்தார். தொட்டி விரிசலை அடைத்தது ‘இவர் ஒருவரே’ என்று எழுதி, ‘ஒருவரே’வுக்கு அடியில் கோடும் போட்டார். கடைசியாக, ‘பொறாமை என்றால் என்னவென்றே இவருக்குத் தெரியாது. அடுத்தவர் வெற்றிக்கு முதலில் கைதட்டும் கை இவருடையது’ என்று முடித்தார். படித்துப் பார்த்தபோது அவருக்கே தன் மேல் மரியாதை வந்தது.

மனைவி முழுவதையும் வாங்கிப் படித்தாள்.

“நல்லா இருக்கு. ஆனா இந்த மனுஷன் யாருங்க? பொறுமையாம், பெருந்தன்மையாம். எனக்குக் கல்யாணம் பேசும்போது இவரை யாரும் காட்டவே இல்லையே.”

மறுநாள் புதன்கிழமை. பிழை பார்க்கலாம் என்று தூண் கடிதத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினார். அவர் தூணைச் சுற்றி எழுந்து வருவதற்குள் ஜன்னல் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் தாள். கண்கள் அதன் கடைசி வரியில். தூணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சாரிண்ணா,” என்றார் ஜன்னல். “என்னோடதுன்னு நெனச்சு எடுத்துட்டேன். பாத்திருக்கக் கூடாது.”

“பரவால்ல, குடுங்க.”

“தொட்டி விஷயத்தப் போய்… இப்படி எழுதியிருக்கீங்களேண்ணா. நாம ரெண்டு பேரும்தானே தண்ணியில நின்னோம்?”

வந்துவிட்டான் கணக்குத் தீர்க்க என்று தூண் நினைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “எனக்கு எது நியாயம்னு பட்டுச்சோ அதைத்தான் எழுதியிருக்கேன்.”

ஜன்னல் தாளைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குப் போனார். போன வேகத்தில் உட்கார்ந்து டைப் அடிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் மேசை நான்கிலிருந்து புதிய கடிதம் பிரிண்டரில் வந்து விழுந்தது. தூண் ஓடிப்போய்ப் பார்த்தார். ‘இருபத்தெட்டு வருட அனுபவத்தில்’ என்பது ‘என் வாழ்நாளில்’ என்று மாறியிருந்தது. ‘இவருடன் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ததே பெரும்பேறு’ என்று ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது.

“விட மாட்டான் போலிருக்கே!” என்று பல்லைக் கடித்த தூண், தன்னுடையதில் ‘முப்பது வருட அனுபவத்தில்’ என்பதை அடித்துவிட்டு ‘துறையின் வரலாற்றில்’ என்று போட்டார். சாயங்காலத்துக்குள் ஜன்னலின் கடிதம் இரண்டு பக்கமாக வளர்ந்தது. தூணுடையது இரண்டரை. படிக்கிற யாருக்குமே, துருவுக்கு மருந்து கண்டுபிடிக்க உலகத்துக்குள் இரண்டு அவதார புருஷர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

வியாழக்கிழமை ஜன்னல் ஒரு கோப்பைக் காபியுடன் தூணுக்குப் பின்னால் வந்து நின்றார். ஏழு வருடத்தில் யாரும் அங்கே காபி கொண்டுவந்ததில்லை.

“சர்க்கரை கம்மியா போட்டிருக்கேண்ணா. உங்களுக்கு அப்படித்தானே பிடிக்கும்?”

ஜன்னல் நகர்ந்ததும் தூண் கோப்பையை உற்றுப் பார்த்தார். இவன் எதற்கு நமக்குக் காபி கொடுக்கிறான்? முடிவு தெரிந்துவிட்டதா? ஜெயித்த திமிரில் ஆறுதல் சொல்கிறானா? குடித்தால் மானம் போய்விடும் என்று, பின்பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டி அங்கிருந்த பாத்திரத்தில் கவிழ்த்தார். கவிழ்த்த பிறகு திரும்பிப் பார்த்தார். ஒன்பது நாளாக உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த பன்னிரண்டு தகடுகள் காபிக்குள் கிடந்தன.

விஷயம் பேராசிரியர் வரைக்கும் போனது. அவர் வந்து, குனிந்து, மோந்து பார்த்தார்.

“காபி வாசனை வருதே. யார் இது?”

தூண் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் முன்னால் வந்துவிட்டார். “நான்தான் சார் காபி கொண்டுவந்தேன். இந்தப் பக்கம் வந்து வெச்சதே தப்பு. நானே திரும்ப ஆரம்பிச்சு ஊற வெச்சிடறேன்.”

பேராசிரியர் அவர் தோளைத் தட்டினார். “தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்ப்பா. எல்லாரும் கத்துக்கணும்.” சொல்லும்போது அவர் பார்வை தூணின் பக்கம் ஒரு நொடி நின்றது. ஏழு வருடத்தில் முதல்முறையாக.

தூணுக்கு வயிறு பற்றி எரிந்தது. பழியைக்கூடத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு நல்ல பெயர் வாங்குகிறானே! இதற்கு அவன் நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த நேரம் பார்த்து மச்சினன் போன் செய்தான்.

“மாமா, ஒண்ணாந்தேதி வந்துடுவீங்கல்ல? குழாய் செக்‌ஷனுக்கு ஆள் தேடிட்டிருக்கேன். துருப்பிடிக்காதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கஸ்டமர் கண்ண மூடிட்டு வாங்குவாங்க.”

“நான் இன்னும் முடிவு பண்ணல.”

“முடிவெல்லாம் அவங்கதானே மாமா பண்ணுவாங்க? நீங்க வாங்க.”

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்குத் தூண் பொது ஃபோல்டரைத் திறந்தார். அதில் இரண்டே கோப்புகள். ‘மேசை 4’ என்று ஒன்று, ‘மேசை 7’ என்று ஒன்று. ஏழு அவருடையது. நான்கைத் திறக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். சுற்றும் முற்றும் பார்த்தார். தூணின் மறைவில் உட்கார்ந்திருப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது. திறந்தார்.

ஜன்னலின் கடைசி வடிவம் மூன்று பக்கம். தூண் ஒரு வரி விடாமல் படித்தார். அதில் வந்த ஆளை அவர் வேலைக்கு எடுப்பார், வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார், தங்கை இருந்தால் கட்டியும் கொடுப்பார். இந்த ஆள் முன்னால் குழாய்க்கடை தவிர வேறு வழியே இல்லை.

ஒரே ஒரு வரி, என்று முடிவு செய்தார். முழுக் கடிதத்தையும் கெடுக்க வேண்டாம். பாலில் ஒரு துளி விஷம் விட்டால் போதும். ஆனால் என்ன குறை சொல்வது? சோம்பேறி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். திருடன் என்றால் பாவம். ஜன்னலிடம் என்னதான் குறை என்று ஐந்து நிமிடம் மண்டையை உடைத்துக்கொண்டார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததில் இன்னும் கோபம் வந்தது. கடைசியில், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குறையை எடுத்து, அதிக யோசனை இல்லாமல், தடங்கல் இல்லாமல் எழுதினார்.

‘ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சக ஆய்வாளர் முன்னேறுவதைப் பார்த்தால் இவருக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில் என்ன செய்கிறோம் என்பதே இவருக்குத் தெரியாது.’

எவ்வளவு இயல்பாக வந்து விழுந்துவிட்டது என்று அவருக்கே ஆச்சரியம். சேமித்து மூடினார். நான்கு மணிக்கு ஆபீஸ் அக்கா இரண்டையும் அச்செடுத்தார். நான்கு ஐந்துக்குப் பேராசிரியர் போனில் பேசிக்கொண்டே இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். நான்கு பத்துக்குத் தூணுக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. காபி, பேராசிரியர் தட்டிய அந்தத் தோள், ‘உங்களுக்கு அப்படித்தானே பிடிக்கும்’ என்ற குரல் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. எழுந்து ஓடினார்.

“அக்கா, அந்தக் கடிதத்துல ஒரு சின்னத் திருத்தம்…”

அக்கா உறையின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். “ஒட்டியாச்சு சார்.”

“பிரிச்சுட்டு மறுபடி ஒட்டலாமே?”

“சும்மா இருங்க சார். இன்னும் என்னத்த சேக்கப் போறீங்க? நீங்க எழுதினது ஏற்கெனவே ரெண்டரைப் பக்கம். இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்!”

கடைசி வார்த்தை தூணுக்குப் புரியவில்லை. ஆனால் புகழ்ச்சி மாதிரி இருந்ததால் மேற்கொண்டு கேட்காமல் திரும்பி வந்துவிட்டார். மனசாட்சியும் அவரோடு கொஞ்ச தூரம் வந்து, பின் களைத்துப் படுத்துவிட்டது.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஒரே ஒரு பெயர். ஜன்னலுடையது.

தூண் அதை மூன்று முறை படித்தார். அந்த வரியைப் படித்த பிறகுமா? வயிறு எரிகிற ஆளைத்தான் வேண்டும் என்று எடுத்திருக்கிறார்களா? அப்படிப் பார்த்தால் அந்தத் தகுதி தனக்கல்லவா அதிகம்! நினைக்க நினைக்க அவருக்குத் தலை சுற்றியது. அதற்குள் பின்னாலிருந்து இரண்டு கைகள் அவரை இறுகக் கட்டிக்கொண்டன.

“எல்லாம் உங்களாலதாண்ணா,” என்றார் ஜன்னல். அவர் கண் கலங்கியிருந்தது. “உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்களுக்குக் கிடைக்கும்னுதான் நான் நெனச்சேன். நானும் என்னால ஆனதச் செஞ்சேன். சாமி சத்தியமா.”

தான் செய்ததை எல்லாம் கண்டுபிடித்துவிட்டுக் குத்திக் காட்டுகிறான் என்று தூண் நினைத்தார். கைகளை விடுவித்துக்கொண்டு, தூணைச் சுற்றித் தன் இடத்துக்கு வந்து, தொப்பென்று உட்கார்ந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. மச்சினன். எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் ஆபீஸ் அக்கா அவருடைய கோப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

“மனசைத் தளர விடாதீங்க சார். உங்க கடிதம் மூணு பக்கமும் பிரமாதமாம். ஒரே ஒரு வரியில வந்து குழு நின்னுடுச்சாம். சிவப்பு மையில கோடு போட்டிருக்காங்க, பாருங்க.”

தூண் பார்த்தார். ‘சக ஆய்வாளர் முன்னேறுவதைப் பார்த்தால் இவருக்கு வயிறு எரியும்.’

“அக்கா!” தூண் துள்ளி எழுந்தார். “உறைய மாத்திட்டீங்க! இது ஜன்னலோட கடிதம்! என்னோடது ரெண்டரைப் பக்கம். பொறாமைன்னா என்னன்னே தெரியாதவர்னு இருக்குமே, அதுதான் என்னோடது!”

“நான் ஒண்ணும் மாத்தல சார். மீட்டிங்ல சார் என்ன சொன்னாரோ அப்படியேதான் உறையில எழுதினேன்.”

“அப்படி என்ன சொன்னார்?”

“கூட்டக் குறிப்பு குடுத்தேனே, படிக்கலையா? எங்க வெச்சீங்க?”

தூணின் கண் அவரை அறியாமல் கீழே போனது. அக்காவும் அந்தப் பக்கம் பார்த்தார். குனிந்து, மேசைக் காலுக்கு அடியிலிருந்து தாளை உருவினார். மேசை மறுபடி ஆட ஆரம்பித்தது. அக்கா ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, தூசியை ஊதிவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“இதோ, ரெண்டாவது வரியிலயே இருக்கே சார்… ‘தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் வழக்கம் இந்த முறை கிடையாது, மேசை நான்கைப் பற்றி மேசை ஏழும், மேசை ஏழைப் பற்றி மேசை நான்கும் எழுத வேண்டும்.’”